குண்டம்மா வீடு மாறிய நாள்

மொன்றியலில் ஜூலை முதலாம் தேதியன்று லொறி வைத்திருப்பவனுக்குத்தான் மதிப்பு. நகரத்து வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தின நாளோடு முடிந்துவிடுவதால், பாதி ஊர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மற்றப் பாதி ஊரின் வீட்டுக்குப் போகும். வெளிப்பக்கத்து வளைந்த இரும்புப் படிகளில் பிரிட்ஜ்கள் மனிதர்களின் முதுகில் ஏறி இறங்கும். சோபாக்கள் நடுப்படியில் சிக்கி, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் நிற்கும். அப்படியொரு நாளில்தான் ரொக்ஸ்பரோவில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் நின்ற ஒரு ஜெர்மன் பீரங்கிக்கும் வீடு மாற வேண்டி வந்தது. அதை ஏற்றிக்கொண்டு போனவள் திரேசம்மா.

திரேசம்மா மட்டக்களப்பில் பிறந்தவள். ஐம்பத்திரண்டு வயது. செயின்ட்-மிஷேலில் நீக்கிலாப்பிள்ளை என்பவர் நடத்தும் சின்னப் பாரவண்டிக் கம்பனியில் பதின்மூன்று வருடமாக லோபெட் ஓட்டுகிறாள். லோபெட் என்றால் தட்டு நிலத்துக்குக் கிட்டவாகத் தாழ்ந்திருக்கும் நீண்ட லொறி. புல்டோசர், ஜெனரேட்டர், ஒருமுறை ஒரு தேவாலயத்து மணி என்று, மற்ற லொறிகள் மாட்டேன் என்பதெல்லாம் அதில்தான் ஏறும்.

அவள் லொறிக்கு வந்த கதை ஒரு தினுசானது. கணவர் தியாகலிங்கம் யாழ்ப்பாணத்தவர். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நின்று நின்று கால் வீங்கிப்போய், பெரிய லொறி லைசென்ஸ் எடுத்தால் இருந்தபடி உழைக்கலாம் என்று ஒருநாள் முடிவெடுத்தார். பாடப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அப்போது திரேசம்மா ஒரு கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், சமையலுக்குக் கரட் வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்து அவளுக்குப் பிரெஞ்சு நன்றாக ஓடும். அவர் வாசிக்க, அவள் பிழை திருத்த, அப்படியே இருவருக்கும் புத்தகம் மனப்பாடமாகிவிட்டது. தியாகலிங்கம் மூன்று தரம் பரீட்சைக்குப் போனார். மூன்று தரமும் பின்னுக்கு எடுக்கையில் செம்மஞ்சள் கூம்புகளை இடித்துச் சாய்த்தார். மூன்றாம் தரம் பரீட்சகர் பெருமூச்சு விட்டு, "வெளியில் நின்று கையால் வழி காட்டிக்கொண்டிருக்கிற மதாம் ஏன் ஒருமுறை முயற்சி செய்யக்கூடாது?" என்று கேட்டார். அவள் முயற்சி செய்தாள். முதல் தரமே பாஸ். தியாகலிங்கத்துக்குக் கோபமொன்றும் வரவில்லை. இனிப்பான வட்டிலப்பம் அவித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்.

லொறிக்காரர்கள் அவளைத் தெரேஸ் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் கியூபெக்கின் எல்லாக் கிராமங்களிலும் இருப்பதால் தொலைபேசியில் கேட்பவர்கள் அவளை அந்த ஊர்க்காரி என்றே நினைப்பார்கள். நேரில் கண்டதும் ஒருகணம் திகைப்பார்கள். அந்த ஒருகணம் அவளுக்கு நிரம்பப் பிடிக்கும்.

ஜூன் கடைசியில் நீக்கிலாப்பிள்ளை அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தெரேசம்மா, முதலாம் தேதி ஒரு சாமான் இருக்கு. ரொக்ஸ்பரோவில ஏத்தி எங்கட பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டு வரவேணும். ஆறரைத் தொன்."

"என்ன சாமான்?"

"பழைய இரும்பு. பூங்காவில நிக்கிறது. ஒருவகையில சிலை மாதிரித்தான்."

"ஆருட சிலை?"

"நேர போய்ப் பாருங்கோவன்," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

முதலாம் தேதி காலை எட்டு மணிக்கு அவள் பூங்காவுக்குப் போனபோது தியாகலிங்கமும் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அன்று லீவு. ஒரு தேர்மோஸில் பால் விடாத பிளேன்ரீயும், வாயை மடித்த கடுதாசிப் பையில் மீன் கட்லட்டும் கொண்டுவந்திருந்தார். லொறி நின்றதும் இருவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்கள்.

"இஞ்சேரும்," என்றார் தியாகலிங்கம். "உது ஆட்லறி."

பெரிய இரண்டு இரும்புச் சில்லுகள். அவற்றுக்கு நடுவில், ஒரு மாட்டுக் கன்று உள்ளே படுக்கலாம் போலப் பருத்த குட்டைக் குழல். முதலாம் உலகப் போரில் கனடாப் படைகள் பிடித்து வந்ததாம். ஊர் ஊராகப் பகிர்ந்து கொடுத்தபோது இந்தப் பூங்காவுக்கு வந்ததாம். அதற்குப் பிறகு நூறு வருடம் அசையாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறது. இப்போது கீழே சிமெந்துப் பீடம் வெடித்துவிட்டதால், சரிந்து விழுமுன் திருத்தி, நிறம் பூசிக் கொண்டுவர ஏற்பாடு.

திரேசம்மாவுக்கு ஷெல் என்ற பீரங்கிக் குண்டை நன்றாகத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டில், மட்டக்களப்பில் சண்டை நடந்தபோது, அவளுக்குப் பதினேழு வயது. எங்கேயோ 'டும்' என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவாள். எத்தனையில் விசில் சத்தம் வருகிறது என்பதை வைத்து, இது எங்கள் தெருவுக்கா, அடுத்த தெருவுக்கா, வாவிக்குள்ளா என்று சொல்லிவிடுவாள். குடும்பமே மாதா கோயிலில் பூசை வைக்கும் கல் மேசைக்குக் கீழே முழங்கால் மடித்துக் கிடந்து அவள் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அந்த ஷெல்லை அனுப்புகிற சாமானை அவள் ஒருநாளும் கண்டதில்லை. அது எப்போதும் எங்கேயோ தூரத்தில், ஒரு சத்தமாக மட்டுமே இருந்தது.

அவள் இறங்கிப் போய் அதைச் சுற்றி வந்தாள். குழலின் அடியில் யாரோ சுவிங்கம் ஒட்டியிருந்தார்கள். சில்லின் ஆரத்தில் ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை செருகிக் கிடந்தது. குழலுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்து ஒரு அணில் எட்டிப் பார்த்தது.

இதுவா அது என்று நினைத்தாள்.

"மதாம் தெரேஸ்?" என்றபடி ஒரு முதியவர் கிட்ட வந்தார். பெயர் ஜில்பேர் வெசினா. எழுபத்துநான்கு வயது. பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இந்தப் பீரங்கியைப் பராமரிக்க ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்குச் செயலாளர். ஆறு வயதில் முதன்முதலாக இதன்மேல் ஏறி உட்கார்ந்தவராம். அன்று பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. "நாங்கள் இவளை 'ல க்ரோஸ்' என்று கூப்பிடுவோம்," என்றார்.

"பருத்தவளாம்," என்று கணவருக்குச் சொன்னாள் திரேசம்மா. பிறகு தானே திருத்தினாள். "இல்ல, குண்டம்மா."

குண்டு போடுகிறவளுக்கும் குண்டாக இருப்பவளுக்கும் தமிழில் ஒரே பெயர் பொருந்திவிட்டதில் தியாகலிங்கம் சிரித்த சிரிப்பில் பிளேன்ரீ மூக்கில் ஏறிவிட்டது. வெசினாவுக்கு அதைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் 'குண்டம்மா' என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டார்.

பாரந்தூக்கி வந்து பீரங்கியைத் தூக்கியது. அணில் மட்டும் கடைசி நிமிடத்தில் இறங்கி ஓடியது. திரேசம்மா சில்லுகளையும், நிலத்தில் ஊன்றும் பின்காலையும் சங்கிலியால் கட்டி, உயரத்தை அளந்தாள். குழல் மட்டமாக, லொறியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. நிலத்திலிருந்து மூன்று மீற்றர்கூட இல்லை. எந்தப் பாலத்துக்குக் கீழாலும் போகலாம்.

"பெரிய ஹைவேயில் போகவேண்டாம்," என்று கெஞ்சினார் வெசினா. "மெதுவாக, உள்வீதிகளால் போங்கள். நான் என் காரில் பின்னாலேயே வருகிறேன்."

அப்படித்தான் புறப்பட்டார்கள்.

மொன்றியலின் உள்வீதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்காலம் தார் ரோட்டைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகும். கோடைகாலம் முழுவதும் அந்தக் குழிகளை அடைத்துக்கொண்டிருப்பார்கள். அடைத்து முடியுமுன் அடுத்த குளிர் வந்துவிடும். திரேசம்மா எவ்வளவு பக்குவமாகப் போனாலும் லொறி துள்ளிக்கொண்டுதான் போனது. ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்னால் 'கிணுங்' என்று ஒரு சத்தம் கேட்டது. இருபுறமும் வீடு மாறுகிறவர்கள் கட்டிலோடும் மெத்தையோடும் நின்று கை காட்டினார்கள். ஒரு பெண் தன் பூச்சாடியை உயர்த்தி, "நீங்கள் எந்த மாடிக்கு?" என்று கேட்டாள்.

"மூன்றாம் மாடிக்கு," என்றாள் திரேசம்மா.

அரை மணி நேரம் போனதும் வெசினாவின் அழைப்பு வந்தது.

"மதாம் தெரேஸ், ஒரு விசயம். என் கண் சரியில்லையோ தெரியவில்லை. அவள் எழும்புகிறாள் போல இருக்கிறது."

"யார் எழும்புகிறாள்?"

"குண்டம்மா. மூக்கைத் தூக்குகிறாள்."

திரேசம்மா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். சில்லு மட்டும்தான் தெரிந்தது. சங்கிலிகள் இறுக்கமாகவே இருந்தன. கிழவருக்கு மகிழ்ச்சியில் தலை சுற்றுகிறது என்று நினைத்தாள். "மறுகா பாப்பம்," என்று தியாகலிங்கத்திடம் சொன்னாள். அவளுடைய 'மறுகா'வுக்கும் அவருடைய 'பேந்து'வுக்கும் 'பிறகு' என்பதுதான் அர்த்தம். இருபத்தாறு வருடக் கலியாணத்தில் இருவரும் தங்கள் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த சந்தியில் அவள் வலப்பக்கம் திருப்பினாள். லொறியின் பின்பகுதி மெல்ல அரைவட்டமாகச் சுழன்று வந்தது. அங்கே இரண்டாம் மாடி பல்கனியில் உள்ளாடையோடு உட்கார்ந்து ஒரு மனிதர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். திரேசம்மா கண்ணாடியில் பார்த்தபோது அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்னத்துக்கு அந்த மனுசன் கையத் தூக்குறார்?" என்றாள்.

தியாகலிங்கம் ஜன்னலால் தலையை வெளியே நீட்டினார். திரும்பி உள்ளே வந்தபோது அவருடைய முகம் ஒரு மாதிரி இருந்தது. "தெரேசா, நீர் லொறியை நிப்பாட்டும்."

நிறுத்துவதற்காக முன்பக்கம் பார்த்தபோதுதான் ரயில் பாலம் கண்ணில் பட்டது. வீதிக்குக் குறுக்காக, பழைய கருங்கல் சுவரோடு, நூறு அடி தூரத்தில் நின்றது. 'மூன்று மீற்றர் தொண்ணூறு' என்று மஞ்சள் பலகையில் எழுதியிருந்தது.

அவள் இறங்கிப் பின்னால் போனாள். புறப்படும்போது பணிவாகக் கிடந்த குழல் இப்போது வானத்தைப் பார்த்து நின்றது. அளந்தாள். நான்கு மீற்றர் இருபத்தைந்து.

வெசினா காரை விட்டு இறங்கி ஓடிவந்தார். அவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். குழலுக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்பிரிங்குகள் இருந்தன. குழலின் பாரத்தைத் தாங்கி, அதை ஏற்றி இறக்கும் கைச் சில்லைச் சுற்றும் படைவீரனுக்கு வேலையைச் சுலபமாக்கப் பொருத்தியவை. நூறு வருடமாக அவற்றைத் துருதான் பிடித்து வைத்திருந்தது. அந்தத் துருவை இந்த நகரத்தின் குழிகள் அரை மணி நேரத்தில் உதிர்த்துவிட்டன.

"எல்லோரும் செத்துவிட்டாள் என்றார்கள்," என்று கண்ணைத் துடைத்தார் வெசினா. "பாருங்கள், அசைகிறாள்."

"அசையிறது சரி," என்றாள் திரேசம்மா தமிழில். "இப்ப நான் எப்பிடிப் போறது?"

பின்னுக்குப் போக வழியில்லை. அவளுக்குப் பின்னால் ஏற்கெனவே பதினைந்து லொறிகள். எல்லாம் வீடு மாறுகிற லொறிகள். ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. பிறகு ஒவ்வொருவராக இறங்கி, ஏன் நிற்கிறது என்று பார்க்க வந்தார்கள். பார்த்ததும் ஹோர்ன் நின்றுவிட்டது. ஒரு ஹெயிட்டிக் குடும்பம் மெத்தையோடு வந்தது. கடையில் எடுத்த தள்ளுவண்டியில் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு இரண்டு மாணவிகள் வந்தார்கள். பியானோ தூக்குவதையே தொழிலாகக் கொண்ட இரண்டு சகோதரர்கள், அலுமாரி போன்ற உடம்போடு வந்து நின்றார்கள்.

நீக்கிலாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, சிலை எழும்பிற்று."

"எங்க எழும்பினது?"

"வானத்துக்கு."

"தெரேசம்மா, நீங்க சுகமா இருக்கிறீங்களா?"

அவள் வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்ததில் வழி ஒன்றுதான் தெரிந்தது. கட்டுப் பட்டிகளைக் குழலின் நுனியில் போட்டு ஆட்கள் கீழே இழுக்க வேண்டும். இழுக்கும்போது ஒருவர் கைச் சில்லைச் சுற்ற வேண்டும். மட்டத்துக்கு வந்ததும் சங்கிலியால் கட்டிவிடலாம். அவள் பிரெஞ்சில் இதைச் சொன்னதுதான் தாமதம், தெருவே கை கொடுத்தது. காலையிலிருந்து சொந்த பிரிட்ஜைத் தூக்கிச் சலித்தவர்களுக்கு வேறொருவரின் பீரங்கியை இழுப்பது விளையாட்டாக இருந்தது. ஹெயிட்டிக் குடும்பத்தின் தகப்பன் "அன், தூ, த்ருவா" என்று ஒன்று இரண்டு மூன்று சொல்லி எண்ண, இருபது பேர் இழுத்தார்கள்.

குழல் ஒரு சாண் இறங்கியது. பிறகு பிடிவாதமாக நின்றுவிட்டது.

"இன்னும் பாரம் வேணும்," என்றாள் திரேசம்மா. செம்மஞ்சள் சட்டையின் பட்டியை இறுக்கிக்கொண்டு தட்டில் ஏறி, பீரங்கியின் சில்லில் கால் வைத்தாள்.

"நீர் உதிலை ஏறாதேயும்," என்றார் தியாகலிங்கம்.

"நான் எண்பத்திரண்டு கிலோ. குண்டம்மாவ அடக்க இன்னொரு குண்டம்மா போகட்டும். நீங்க சில்லச் சுத்துங்க."

அவள் குழலின்மேல் இருபுறமும் கால் போட்டு, குதிரையில் உட்காருவதுபோல உட்கார்ந்து, நுனியை நோக்கி அரக்கி அரக்கிப் போனாள். இரும்பு வெயிலில் சூடேறியிருந்தது. கீழே இருபது பேரும் மறுபடி இழுத்தார்கள். இப்போது குழல் இறங்கியது. மெல்ல மெல்ல, முனகிக்கொண்டு, அவளையும் சுமந்துகொண்டு இறங்கியது. மூன்று மீற்றர் எண்பது, எழுபது என்று வெசினா அளவு நாடாவோடு கத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் வந்தது. பல்கனி மனிதர், தன் வீட்டுக்கு யாரோ பீரங்கியால் குறி வைத்திருக்கிறார்கள் என்று, ஒரு கையை மட்டும் இறக்கித் தொலைபேசி எடுத்திருந்தார். நெரிசலுக்குப் பின்னாலிருந்து பொலிஸ் கார் 'வூப்' என்று ஒரேயொரு சைரன் அடித்தது.

இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தபோது கையை விட்டுவிட்டார்கள்.

குண்டம்மா நூறு வருடத்து ஆசையைத் தீர்த்துக்கொள்வதுபோல ஒரே எழும்பலாக எழும்பினாள். திரேசம்மா இரண்டு கையாலும் குழலைக் கட்டிப்பிடித்தாள். மரங்கள் கீழே போயின. பாலம் கீழே போனது. எங்கோ அவளுடைய தொப்பி கழன்று விழுந்தது. குழல் உச்சிக்குப் போய் 'டங்' என்று நின்றது. அவள் அதன் நுனியைக் கட்டிக்கொண்டு, தெருவிளக்குக்குப் பக்கத்தில், ஒரு புறாவுக்கு நேரெதிரே தொங்கிக்கொண்டிருந்தாள்.

"தெரேசா," என்று தியாகலிங்கத்தின் குரல் மட்டும் கீழேயிருந்து வந்தது.

திரேசம்மா கண்ணைத் திறந்தாள். வீட்டுக் கூரைகள் எல்லாம் தெரிந்தன. பின்முற்றங்களில் கொடியில் காயும் உடுப்புகள், தூரத்தில் மலை, இந்தப் பக்கம் பல்கனியில் இன்னும் கையைத் தூக்கியபடியே நிற்கும் அந்த மனிதர். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கல் மேசைக்குக் கீழே கிடந்து விரல் விட்டு எண்ணினவள், இப்போது அந்தச் சத்தத்தின் வாயிலேயே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தாள். உடனே சிரிப்பு வந்தது.

முதலில் மூக்கால் வந்தது. பிறகு வயிற்றிலிருந்து வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிக்கக் குழல் ஆடியது, குழல் ஆட அவள் இன்னும் சிரித்தாள். கீழே தியாகலிங்கம் அதைக் கேட்டார். விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் வெளிறியிருந்தவர், கைச் சில்லைப் பிடித்தபடியே குந்திவிட்டார். அவருக்கும் தொற்றிக்கொண்டது. ஹெயிட்டித் தகப்பன் மெத்தையின்மேல் விழுந்து சிரித்தார். மாணவிகள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பொலிஸ்காரி ஒரு இளம் பெண். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேலே பார்த்தாள்.

"மதாம், தயவுசெய்து இறங்குங்கள்."

"எனக்கும் அதே விருப்பம்தான்," என்றாள் திரேசம்மா, மூச்சு வாங்கியபடி.

"இது சுடுமா?"

"நூறு வருடமாகச் சுடவில்லை. சுட்டால் முதலில் நான்தான் உங்களுக்குச் சொல்வேன்."

பொலிஸ்காரி தன் தோளிலிருந்த கருவியில் கதைத்தாள். "ஆம், பீரங்கி. இல்லை, உண்மையான பீரங்கி. மேலே ஒரு மதாம் இருக்கிறார். இல்லை, மிரட்டவில்லை. சிரிக்கிறார்." கடைசிச் சொல்லில் அவளுடைய குரலும் உடைந்துவிட்டது. அவள் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

இந்தக் கலவரத்தில் சிரிக்காமல் நின்றவர்கள் பியானோச் சகோதரர்கள் இரண்டு பேரும்தான். மூத்தவர் தலையைச் சாய்த்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் தங்கள் லொறிக்குப் போய், பெரிய பியானோக்களை ஜன்னலால் இறக்கப் பாவிக்கும் சங்கிலிக் கப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு முனையை லொறித் தட்டின் வளையத்தில் கொழுவினார்கள். மற்ற முனையை, "மதாம், இதைப் பிடியுங்கள்," என்று மேலே எறிந்தார்கள். திரேசம்மா அதைப் பிடித்துக் குழலின் நுனியைச் சுற்றிப் பூட்டினாள். பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தாள் என்றாலும் பதின்மூன்று வருடத்துக் கை பிழை விடவில்லை.

"மெதுவா," என்றாள். "இஞ்சாருங்க, நீங்க சில்லச் சுத்துங்க. அவசரப்படாதீங்க. ஹோட்டல்ல மா குழைக்கிற மாதிரி."

கூம்புகளை இடித்த தியாகலிங்கத்துக்கு இது பொருந்தி வந்தது. மூத்த சகோதரர் கப்பிச் சங்கிலியை ஒரு கண்ணி இழுக்க, இவர் கைச் சில்லை அரைச் சுற்றுச் சுற்றினார். பல்லில் பல் கொழுவுவது உள்ளங்கையில் தெரிந்ததாம். மறுபடி ஒரு கண்ணி, மறுபடி அரைச் சுற்று. அவர் சுற்றச் சுற்றத் திரேசம்மா ஒரு ராணியைப்போல மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கி வந்தாள். கால் தட்டில் பட்டதும் தெரு கை தட்டியது. பல்கனி மனிதரும் தட்டினார். அதற்காகத்தான் அவர் இரண்டு கையையும் இறக்கினார்.

தியாகலிங்கம் அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து, தலை முதல் கால் வரை பார்த்தார்.

"விசரே உமக்கு?" என்றார்.

"ஓம்," என்றாள் அவள்.

நான்கு சங்கிலியால் குண்டம்மாவின் மூக்கைக் கட்டினார்கள். பாலத்துக்குக் கீழால் லொறி போனபோது வெசினா பக்கத்தில் நடந்துவந்தார், ஒரு மாப்பிள்ளைத் தோழன்போல. பொலிஸ் கார் முன்னுக்குப் போனது. பின்னால் வந்த வீடு மாறுகிற லொறிகளில் பாதி தங்கள் வழியில் கிறுகித் திரும்பிப் போகாமல், எதற்கென்று தெரியாமலே, ஹோர்ன் அடித்துக்கொண்டு செயின்ட்-மிஷேல் வரைக்கும் வந்தன. ஹெயிட்டிக் குடும்பத்தின் புது வீடு அங்கேதான் என்பது பட்டறை வாசலில்தான் தெரிந்தது. பியானோச் சகோதரர்கள் அவர்களுடைய பிரிட்ஜை இரண்டே நிமிடத்தில் மூன்றாம் மாடிக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். தியாகலிங்கம் கட்லட் பையைத் திறந்தார். ஆளுக்குப் பாதிதான் வந்தது.

நீக்கிலாப்பிள்ளை வாசலில் காத்து நின்றார். முகத்தில் கேள்வி நிறைய இருந்தது.

"சிலை மாதிரி எண்டீங்களே, அண்ணை," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரேசம்மா கை கழுவப் போனாள். அங்கே, குழாயடியில், மறுபடி சிரிப்பு வந்து பத்து நிமிடம் வெளியே வர முடியவில்லை.

அந்தச் சிரிப்பு ஒரு கிழமை அவளை விடவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது வரும். கடையில் வரிசையில் நிற்கும்போது வரும். ஞாயிறு பூசையில், எல்லோரும் முழந்தாளிடும் நேரம் வந்து, அவள் இருமுவதுபோல நடித்து வெளியே போக வேண்டியதாயிற்று. டாக்டரிடம் போவோமா என்று தியாகலிங்கம் கேட்டார். "சிரிக்கிறதுக்கு மருந்து தந்து நிப்பாட்டிப்போட்டா என்ன செய்யிறது?" என்று அவள் மறுத்துவிட்டாள். எட்டாம் நாள் அது தானாக நின்றது. அதற்காக அவள் கொஞ்சம் கவலைப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓகஸ்டில் வெசினா வீட்டுக்கு வந்தார். சங்கத்தில் அவளையும் சேர்க்க ஒன்பது பேரும் ஒருமனதாக விரும்புகிறார்களாம். படிவம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பழைய படைவீரர்களுக்காக எப்போதோ அச்சடித்த படிவம். பெயர், முகவரி, பிறகு 'எந்தப் போர்? எந்தப் பக்கம்?' என்று ஒரு வரி.

"உதை வெறுமையா விடும்," என்றார் தியாகலிங்கம்.

அவள் பேனாவைக் கடித்தாள். பிறகு பிரெஞ்சில் எழுதினாள்: 'மட்டக்களப்பு. ஷெல் விழுந்த பக்கம்.'

வெசினா வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, இன்னொருமுறை வாசித்தார். "எங்கள் சங்கத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் இதுவரை இல்லை," என்றார். அவருக்கு வட்டிலப்பம் கொடுத்தார்கள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

செப்டெம்பரில் முதல் கூட்டம். ரொக்ஸ்பரோவில் ஒரு நூலகத்தின் பின்னறை. ஒன்பது கிழவர்களும் அவளும். அன்றைய விசயம் ஒன்றே ஒன்று: குண்டம்மாவுக்கு என்ன நிறம் அடிப்பது. பழைய பச்சையா, கடும் சாம்பலா என்று அவர்கள் இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்த் திரும்பி வந்தார். திரேசம்மா கை உயர்த்தினாள்.

"மஞ்சள்," என்றாள். "நல்ல, வெளிச்சமான மஞ்சள். தூரத்திலேயே வருகிறாள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்."

வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றுப்போனாள். பழைய பச்சைதான் அடித்தார்கள். ஆனால் குழலின் உள்பக்கத்துக்கு நிறம் தீர்மானிக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதை அவள் கூட்டக் குறிப்பில் கவனித்தாள். பட்டறை அவளுடைய கம்பனிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை தியாகலிங்கம் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒரு வாளி மஞ்சளும் நீண்ட தூரிகையுமாக ஏறினாள்.

"ஆரும் பாத்தால்?" என்றார் அவர் கீழேயிருந்து.

"உள்ளுக்குள்ள எட்டிப் பாக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்," என்றது குழலுக்குள்ளிருந்து அவளுடைய குரல், ஒரு கோயில் மணிபோல முழங்கி. "கதைக்காம ஏணியப் பிடிங்க."